ஃபிலிமில் படமெடுத்து நாமே கழுவுவது: தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஃபிலிம் கேமராவில் படமெடுக்கத் தொடங்குகிறவர்களில் பலர், சுருள் முடிந்ததும் அதை ஒரு லேபில் கொடுத்து, ஸ்கேன் செய்த கோப்புகளை வாங்கிக்கொள்வதோடு நின்றுவிடுகிறார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் ஃபிலிம் தரக்கூடியவற்றில் பெரும்பகுதி அவர்களுக்குக் கிடைக்காமலே போகிறது என்பது என் உறுதியான எண்ணம். லேபின் ஸ்கேனர் ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் தானாகவே சரிசெய்துவிடுவதால், ஒளி குறைவாகப் பட்ட படமும் சரியாகப் பட்ட படமும் திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிகின்றன. எடுத்தவர் என்ன செய்தார், எதைச் செய்யத் தவறினார் என்பது அங்கே மறைந்துவிடுகிறது. அது மறையாமல் இருக்கும் இடம், கழுவிய ஃபிலிமில் ஒளியும் இருளும் தலைகீழாகப் பதிந்திருக்கும் நெகட்டிவ் ஒன்றுதான். படமெடுப்பதையும் கழுவுவதையும் ஒரே பயிற்சியாகச் சேர்த்துக் கற்றுக்கொள்பவருக்கு, தன் கையிலுள்ள நெகட்டிவைப் பார்த்துத் தன் செயலின் ஒவ்வொரு படியையும் அறிந்துகொள்ளும் திறன் சில சுருள்களிலேயே வந்துவிடும். இந்த வழிகாட்டி அந்தத் திறனை நோக்கியே எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் ஃபிலிமுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கறுப்பு வெள்ளை ஃபிலிம் என்பது ஒளி ஊடுருவும் நாடாவின் மீது ஜெலட்டினில் கலந்து பூசப்பட்ட வெள்ளி உப்புப் படிகங்களே. ஒரு படிகத்தின் மீது போதிய ஒளி படும்போது அதில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் ஓரிடத்தில் திரளுகின்றன. கண்ணுக்கோ சாதாரண நுண்ணோக்கிக்கோ அவை தெரியாது. டெவலப்பர் என்னும் கரைசல் அந்தச் சிறு திரளைப் பற்றிக்கொண்டு, ஒளிபட்ட படிகம் முழுவதையும் கறுப்பு வெள்ளி உலோகமாக மாற்றுகிறது. ஒளிபடாத படிகங்களை அது தொடுவதில்லை. பின்னர் ஃபிக்சர், மிச்சமிருக்கும் படிகங்களைக் கரைத்து அகற்றுகிறது. இந்தக் கரைக்கும் தன்மை ஹைப்போ எனப்படும் உப்புக்கு உண்டு என்பதை ஜான் ஹெர்ஷல் 1819ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். ஒளி விட்டுச்சென்ற மறைந்த பதிவு எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1897இல் பலூனில் வட துருவத்தை நோக்கிச் சென்று மாண்ட ஆந்த்ரே குழுவினரின் ஃபிலிம், 1930இல் பனிப் பரப்பில் கண்டெடுக்கப்பட்டது; 33 ஆண்டுகள் கழித்துக் கழுவியபோதும் அதிலிருந்து 93 படங்கள் மீட்கப்பட்டன. நாம் கழுவப்போகும் சுருளிலும் நடப்பது அதே வேதிவினைதான்.

கேமராவும் ஃபிலிமும்

கற்றுக்கொள்வதற்கு 35 மி.மீ. ஃபிலிம் பயன்படுத்தும், ஷட்டர் வேகத்தையும் (ஃபிலிமில் ஒளி படும் நேரம்) அபெர்ச்சரையும் (லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவு) கையால் அமைக்கக்கூடிய, லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் ஒரு எஸ்எல்ஆர் கேமரா போதும். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 போன்றவற்றில் ஷட்டர் முழுவதும் இயந்திர விசையால் இயங்குவதால், பேட்டரி தீர்ந்தாலும் படமெடுக்கலாம். பேட்டரி அவற்றின் ஒளிமானிக்கு மட்டுமே தேவைப்படுகிறது. கேனான் ஏஇ-1 போன்ற மின்னணு ஷட்டர் கொண்டவை பேட்டரி இல்லாமல் இயங்கா. இரண்டாம் கையாக வாங்கும்போது பின்கதவைத் திறந்து, லென்ஸ் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தபடி எல்லா ஷட்டர் வேகங்களையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். ஒரு வினாடி என்பது ஏறத்தாழ ஒரு வினாடியாக இருக்கிறதா, வேகம் கூடக்கூடத் திறப்பு நேரம் குறைந்துகொண்டே போகிறதா என்பதைக் கண்ணாலும் காதாலும் உணர முடியும். அபெர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பசை இருந்தால் அவை மெதுவாக மூடும். கதவின் ஓரங்களில் ஒளி புகாமலிருக்க வைத்த பஞ்சுப் பட்டை பழைய கேமராக்களில் பிசினாகிப் போயிருக்கும். அது எளிதில் மாற்றக்கூடியதே என்றாலும், மாற்றாமல் படமெடுத்தால் படங்களின் குறுக்கே ஒளிக்கீற்றுகள் விழும்.

ஃபிலிம் விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது. ஒரே ஃபிலிம், ஒரே டெவலப்பர் என்று முடிவு செய்துகொண்டு, குறைந்தது பத்துச் சுருள்களாவது அதிலேயே நில்லுங்கள். ஐஎஸ்ஓ 400 வேகமுள்ள (ஐஎஸ்ஓ எண் என்பது ஃபிலிம் ஒளியை உணரும் திறனின் அளவு) கறுப்பு வெள்ளை ஃபிலிம் வெயிலிலும் நிழலிலும் வீட்டுக்குள்ளும் பயன்படும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கோடாக் டிரை-எக்ஸ் ஆகியவை பிழை பொறுக்கும் குணத்துக்குப் பெயர் பெற்றவை. சுருளுக்குச் சுருள் ஃபிலிமை மாற்றுகிறவருக்கு, படம் மாறியதற்குக் காரணம் ஃபிலிமா, வெளிச்சமா, கழுவிய விதமா என்பது ஒருபோதும் தெரியாது. காலாவதியான ஃபிலிமில் கற்கத் தொடங்க வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்த சுருளை, அறை வெப்பநிலைக்கு வரும் வரை உறையைப் பிரிக்காமல் வெளியே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் படியும். விமானப் பயணத்தில் சுருள்களைக் கைப்பையில் எடுத்துச் சென்று, கையால் சோதிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். சரக்கறைக்குப் போகும் பெட்டிகளின் கதிர்ச் சோதனையும், புதிய சிடி வகைச் சோதனை எந்திரங்களும் கழுவாத ஃபிலிமைக் கெடுத்துவிடும்.

சுருளைப் பொருத்தி, கதவை மூடி, இரண்டு முறை நகர்த்தும்போது இடப்பக்கத்துத் திருப்புக்குமிழ் சுழல்கிறதா என்று பாருங்கள். அது சுழன்றால்தான் ஃபிலிம் உண்மையிலேயே நகர்கிறது. பொருத்திய சுருள் நகராமலே 36 படங்களையும் ‘எடுத்து’ முடிக்கும் ஏமாற்றத்தை இந்த ஒரு பார்வை தடுத்துவிடும்.

வெளிச்சத்தை அளக்கும் பழக்கம்

ஒளியின் அளவை ஃபிலிமின் வேகம், ஷட்டர், அபெர்ச்சர் ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஃபிலிமின் வேகம் சுருள் முடியும் வரை மாறாது என்பதால் நம் கையில் இருப்பவை இரண்டுதான். அபெர்ச்சரை எஃப்/8இலிருந்து எஃப்/5.6க்குத் திறந்தாலும், ஷட்டரை 1/250இலிருந்து 1/125 வினாடிக்கு மாற்றினாலும் ஒளி இரண்டு மடங்காகும். இதை ஒரு ஸ்டாப் என்பார்கள். ஒளிமானி இல்லாமலே வெளிச்சத்தைக் கணிக்க ஒரு பழைய விதி உண்டு: தெளிவான வெயிலில் அபெர்ச்சர் எஃப்/16, ஷட்டர், ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகிலுள்ள வேகம். அதாவது ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு 1/500. மெல்லிய மேகம் படர்ந்தால் எஃப்/11, வானம் முழுவதும் மூடியிருந்தால் எஃப்/8, அடர்ந்த மேகமென்றால் எஃப்/5.6, வெயில் நாளில் திறந்த வெளியின் நிழலுக்குள் எஃப்/4. வெளியே போகும்போதெல்லாம் முதலில் மனத்தில் ஒரு கணிப்பைச் செய்துகொண்டு, பிறகு ஒளிமானியைப் பாருங்கள். சில வாரங்களில் கணிப்பும் மானியும் நெருங்கி வரும். கேமரா கையில் இல்லாத நேரத்திலும் வெளிச்சத்தை அளந்து பார்க்கும் கண் ஒன்று அப்போது உங்களுக்குக் கிடைத்திருக்கும். ஃபிலிம் தரும் பலன்களில் நான் முதலில் வைப்பது இதையே.

கேமராவிலுள்ள ஒளிமானிக்குத் தான் பார்ப்பது என்னவென்று தெரியாது. எதை நோக்கிக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே அது கணக்கிடுகிறது. வெள்ளைச் சுவர் முழுவதும் நிறைந்த காட்சியில் அது சொன்னபடி எடுத்தால் சுவர் சாம்பலாக வரும். அங்கே ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை கூடுதல் ஒளி தர வேண்டும். கரும்பாறையை நோக்கினால் நிலைமை தலைகீழ். நெகட்டிவ் ஃபிலிமில் நிழல் பகுதியை வைத்து ஒளியைக் கணக்கிடுவதே பாதுகாப்பான வழி. எந்த நிழலுக்குள் விவரம் தெரிய வேண்டுமோ அதை மட்டும் மானியில் அளந்து, அது காட்டும் அளவிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்தால், நிழல் இருண்டும் அதே சமயம் விவரத்தோடும் அமையும். ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த ‘ஜோன் சிஸ்டம்’ என்னும் முறையின் அடிப்படை இதுவே. ஒளி சேராத நிழலில் வெள்ளியே உருவாகியிருக்காது. டெவலப்பரில் எவ்வளவு நேரம் வைத்தாலும் இல்லாத விவரம் வராது. ஒளி கூடுதலாகப் பட்ட இடத்திலோ விவரம் அடர்த்தியாக ஒளிந்திருக்குமே தவிர அழிந்திருக்காது. ஐயம் வந்தால் ஒளியைக் கூட்டுங்கள். ஒரு ஸ்டாப் மிகுதியைக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் எளிதாகத் தாங்கும், ஒரு ஸ்டாப் குறைவை அவ்வளவு எளிதாகத் தாங்காது.

முதல் சுருளை அழகான படங்களுக்காகச் செலவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெயிலும் நிழலும் கலந்த, அசையாத ஒரு காட்சியைத் தேர்ந்து, கணக்கிட்ட அளவில் ஒன்று, ஒரு ஸ்டாப் குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, அதேபோல் கூட்டி இரண்டு என ஐந்து படங்களை எடுங்கள். மேகமூட்டத்தில், வீட்டின் சன்னல் ஒளியில், இரவு விளக்கில் என்று இதையே திரும்பச் செய்தால் ஒரு சுருள் முடிந்துவிடும். ஒவ்வொரு படத்தின் எண், இடம், வெளிச்சம், ஷட்டர், அபெர்ச்சர் ஆகியவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பேடு இல்லாமல் கழுவிய சுருளிலிருந்து கற்றுக்கொள்வதற்கு அதிகம் இருக்காது.

இரண்டாம் சுருளிலிருந்து உங்களுக்குப் பிடித்ததை எடுக்கலாம். சுருளில் 36 படங்களே உண்டு என்ற எல்லையும், எடுத்ததை உடனே பார்க்க முடியாது என்ற நிலையும் தொடக்கத்தில் தடையாகத் தோன்றும். எடுத்த படத்தைத் திரையில் சரிபார்க்க வாய்ப்பில்லாததால், கவனம் முழுவதும் எதிரிலிருக்கும் மனிதர் மீதும் காட்சியின் மீதும் தங்கிவிடுகிறது. ஷட்டரை அழுத்துவதற்கு முன் சட்டத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை பார்க்கும் பழக்கம் தானாகவே வருகிறது. நிறம் இல்லாததால் ஒளியின் திசையும் பொருள்களின் வடிவமும் முன்னே வந்து நிற்கின்றன. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் லென்ஸின் குவியத் தூர எண்ணுக்குக் குறையாமல் இருக்கட்டும், 50 மி.மீ. லென்ஸுக்கு 1/60 வினாடி என்பது நல்ல வரம்பு.

கழுவுவதற்கான ஏற்பாடு

வீட்டில் ஃபிலிம் கழுவ இருட்டறை வேண்டியதில்லை. ஒளி புகாத டேங்க் ஒன்று, அதற்குள் பொருந்தும், ஃபிலிமைச் சுற்றி ஏற்றும் ரீல், கைகளை நுழைத்து வேலை செய்யும் சேஞ்சிங் பேக் எனப்படும் இருட்டுப் பை, துல்லியமான வெப்பமானி, அளவுக் குவளைகள், கத்தரிக்கோல், நேரம் பார்க்க ஒரு கடிகாரம், காயப்போட இரண்டு கிளிப்புகள் ஆகியவையே கருவிகள். கரைசல்கள் மூன்று: டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்சர். கடைசி அலசலுக்கு, ஃபிலிமில் நீர்த்துளிகள் தங்காமல் வடிய உதவும் வெட்டிங் ஏஜென்ட் சில துளிகள். டெவலப்பரில் இல்ஃபோர்டு ஐடி-11, கோடாக் டி-76 ஆகிய இரண்டும் ஏறக்குறைய ஒரே சேர்மானம் கொண்ட பொடிகள். இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். டி-76 ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் புழக்கத்தில் இருப்பதால், எந்த ஃபிலிமுக்கு எத்தனை நிமிடம் என்ற அட்டவணை எளிதில் கிடைக்கும். பொடியை உறையில் சொன்ன வெப்பநிலையுள்ள நீரில் முழுவதும் கரைத்து, காற்றிடம் விடாமல் நிரப்பிய பாட்டில்களில் இறுக மூடி வைத்தால் ஆறு மாதம் வரை கெடாது.

பாதுகாப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த டெவலப்பர்களிலுள்ள மெட்டால் என்னும் வேதிப்பொருள் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகையால் கையுறை அணியுங்கள், பொடி கரைக்கும்போது அதை முகர நேராதபடி காற்றோட்டமான இடத்தில் நில்லுங்கள். சமையலறைப் பாத்திரம் எதையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. இதற்கென்று ஒதுக்கிய பாத்திரம் மீண்டும் சமையலறைக்குத் திரும்பவும் கூடாது.

பலரும் அஞ்சும் கட்டம் ஃபிலிமை ரீலில் ஏற்றுவதுதான். வீணான ஒரு சுருளை எடுத்துக்கொண்டு, முதலில் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தும், பிறகு கண்ணை மூடிக்கொண்டும், பிறகு பைக்குள் கைவிட்டும், தடங்கலின்றி வரும் வரை பயிற்சி செய்யுங்கள். ரீல் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் ரீலில் ஈரத்தின் சுவடு இருந்தாலும் ஃபிலிம் பாதியில் ஒட்டி நின்றுவிடும். முனையின் இரண்டு மூலைகளையும் சற்றே வட்டமாகக் கத்தரித்தால் ரீலின் பள்ளத்தில் இடறாமல் நுழையும். ஃபிலிமின் ஓரங்களை மட்டும் பிடியுங்கள். பாதியில் சிக்கினால் வலிந்து தள்ளாமல், பின்னுக்கு இழுத்து மீண்டும் ஏற்றுங்கள். பைக்குள் கை வியர்த்தால், ஃபிலிமையும் ரீலையும் டேங்கில் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துச் சற்று ஓய்வு கொடுக்கலாம். பேட்டர்சன் வகை டேங்குகளில் நடுவிலுள்ள குழல் ஒளியைத் தடுக்கும் பகுதியாகும். அதைப் பொருத்த மறந்தால் மூடி இருந்தும் ஒளி உள்ளே புகும். இருட்டறையில் காணும் சிவப்பு விளக்கு அச்சுத்தாளுக்கு உரியது. இன்றைய ஃபிலிம்களில் பெரும்பாலானவை எல்லா நிற ஒளியையும் உணர்வதால், அவற்றுக்கு முழு இருட்டே வேண்டும்.

கழுவும் முறை

டேங்கின் மூடி இறுகிய பின் எல்லாமே வெளிச்சத்தில்தான். எச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐஎஸ்ஓ 400இல் எடுத்து, ஐடி-11 கரைசலைச் சம அளவு நீருடன் கலந்து 20 டிகிரி செல்சியஸில் கழுவினால் நேரம் 13 நிமிடம். டி-76 என்றால் அதே விகிதத்தில் 11 நிமிடம். ஒரு 35 மி.மீ. சுருளுக்குச் சிறிய பேட்டர்சன் டேங்கில் சுமார் 300 மி.லி. போதும், அடியில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி நீர்த்த டெவலப்பரை ஒருமுறை மட்டும் பயன்படுத்திவிட்டு அகற்ற வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் நேரம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பதால், 23 டிகிரியில் அதே 13 நிமிடம் கழுவுவது மிகுதியாகக் கழுவுவதாகும். கரைசல் பாட்டில்களை ஒரு தொட்டி நீரில் நிறுத்தி, தேவைக்கேற்ப வெந்நீரோ பனிக்கட்டியோ சேர்த்து, மூன்று கரைசலையும் அலசும் நீரையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். 20 டிகிரிக்குக் கொண்டுவர முடியாத வெம்மையில், 24 டிகிரிக்கு உரிய நேரத்தை அட்டவணையில் பார்த்து அதன்படி கழுவலாம். ஆனால் மொத்த நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், போனால் சீராகக் கழுவப்படாது.

டெவலப்பரை விரைந்து ஊற்றிக் கடிகாரத்தைத் தொடங்குங்கள். முதல் பத்து வினாடிகளில் டேங்கை நான்கு முறை மென்மையாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தி, உள்ளே ஒட்டிய காற்றுக் குமிழிகள் அகல அடிப்பாகத்தை மேசையில் ஒருமுறை தட்டுங்கள். பின்னர் ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் இதே நான்கு முறை. கவிழ்ப்பதன் பயன், ஃபிலிமை ஒட்டி நிற்கும் தீர்ந்துபோன கரைசலை நகர்த்திப் புதியதைக் கொண்டுவருவதே. அதை வேகமாகக் குலுக்கினால் ஃபிலிமின் துளைகளின் வழியே கரைசல் பீறிட்டு, படத்தின் ஓரத்தில் அடர்ந்த கோடுகள் விழும். கவிழ்க்காமலே விட்டால் திட்டுத்திட்டாக வரும். எப்படிக் கவிழ்க்கிறீர்களோ அப்படியே எல்லாச் சுருளிலும் செய்யுங்கள். இங்கே துல்லியத்தைவிட மாறாமை முக்கியம். நேரம் முடிவதற்குப் பத்து வினாடிக்கு முன் ஊற்றத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

ஸ்டாப் பாத் என்பது நீர்த்த அமிலம். காரத்தன்மையுள்ள டெவலப்பரின் வேலையை அது உடனே நிறுத்திவிடும். அரை நிமிடம் போதும். அடுத்து ஃபிக்சர், விரைவு வகையென்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் என்ற விகிதத்தில் இரண்டு முதல் ஐந்து நிமிடம். கேமராவில் பொருத்தும் முன் நீட்டியிருக்கும் ஃபிலிம் நுனியைக் கத்தரித்து வைத்துக்கொண்டால், சரியான நேரத்தை நீங்களே அறியலாம்: அந்தத் துண்டை ஃபிக்சரில் போட்டு, அதன் பால்நிறம் மறைந்து தெளிவாக எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள், அதன் இரு மடங்கே நீங்கள் கொடுக்க வேண்டிய குறைந்த நேரம். ஃபிக்சரைப் பலமுறை பயன்படுத்தலாம் என்றாலும், தெளிவாகும் நேரம் புதிதாக இருந்தபோது ஆனதைப் போல இரண்டு மடங்கானால் அது தீர்ந்துவிட்டது.

அலசுவதற்கு இல்ஃபோர்டு பரிந்துரைக்கும் முறை நீரை மிகவும் மிச்சப்படுத்துகிறது. டேங்கில் நீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து ஊற்றுங்கள். மறுபடி நிரப்பிப் பத்து முறை. மறுபடி நிரப்பி இருபது முறை. நீரின் வெப்பநிலை கரைசல்களுக்கு நெருக்கமாகவே இருக்கட்டும். கடைசியாக வெட்டிங் ஏஜென்ட் சில துளி கலந்த சுத்திகரித்த நீரில் ஒரு நிமிடம் ஊறவைத்து, தூசி குறைவான இடத்தில், கீழ்முனையில் கனமான கிளிப்பைப் பொருத்தித் தொங்கவிடுங்கள். ஈரமான பூச்சு எளிதில் கீறிவிடும் என்பதால், துடைப்பதைவிடத் தானாக வடியவிடுவதே நல்லது என்பேன். முழுவதும் காய்வதற்குள் கத்தரிக்க வேண்டாம்.

நெகட்டிவைப் படிப்பது

காய்ந்த சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும் பொழுதே இத்தனை உழைப்பின் பலன் கைக்கு வரும் பொழுது. அங்கே அவசரப்பட வேண்டாம். படங்களைப் பார்ப்பதற்கு முன் ஃபிலிமின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே தெரியும் எண்களும் ஃபிலிமின் பெயரும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை; டெவலப்பர் மட்டுமே அவற்றை வெளிக்கொண்டுவருகிறது. ஆகவே அந்த எழுத்துகள் கழுவிய தரத்துக்கு மட்டும் சாட்சி சொல்கின்றன. எழுத்துகள் அழுத்தமாகக் கறுத்து, படங்கள் மட்டும் வெளிறியிருந்தால், கழுவியது சரி, கேமராவில் ஒளி போதவில்லை. எழுத்துகளும் மங்கி, படங்களும் மங்கியிருந்தால், டெவலப்பர் பழையதாகவோ, குளிர்ந்திருந்தோ, நேரம் குறைந்தோ போயிருக்கிறது. எழுத்துகள் தெளிவாக இருந்து படமே இல்லையென்றால், ஃபிலிம் கேமராவில் நகரவில்லை அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எழுத்தும் இல்லாமல் சுருள் முழுவதும் கண்ணாடிபோல் தெளிந்திருந்தால், டெவலப்பர் முற்றிலும் செயலிழந்திருக்கிறது அல்லது அதற்கு முன்பே ஃபிக்சரை ஊற்றியிருக்கிறீர்கள். நான்கு நிலைக்கும் நான்கு விடை, ஊகத்துக்கு இடமில்லை.

அடுத்து, ஐந்து ஐந்தாக எடுத்த சோதனைப் படங்களுக்கு வாருங்கள். குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஐந்திலும் நெகட்டிவின் மிக மெல்லிய பகுதியைப் பாருங்கள். அதுவே காட்சியின் நிழல். இரண்டு ஸ்டாப் குறைத்த படத்தில் அந்தப் பகுதி வெறும் ஃபிலிம்போல் காலியாக இருக்கும். ஒவ்வொரு படியாக ஒளி கூடக்கூட, செங்கல்லின் வரிகளோ இலைகளோ அந்தக் காலி இடத்தில் தோன்றத் தொடங்குவதைக் காண்பீர்கள். விவரம் முதன்முதலில் நன்றாகத் தெரியும் படம் எதுவோ அதுவே உங்கள் கேமராவுக்கும், உங்கள் ஒளிமானிக்கும், நீங்கள் அளக்கும் விதத்துக்கும் உரிய சரியான அளவு. கணக்கிட்ட படத்தைவிட ஒரு ஸ்டாப் கூடிய படத்திலேயே அது தொடர்ந்து வந்தால், இனி ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை வைத்துக்கொண்டு மானியில் 200 என்று அமைத்து எடுங்கள். அனுபவமிக்கவர்கள் பலர் இப்படித் தமக்கென்று ஓர் எண்ணை வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

நிழலைப் பார்த்த பின் ஒளிமிக்க பகுதியைப் பாருங்கள். நெகட்டிவில் அது மிகக் கறுத்த இடம். அச்சிட்ட தாள் ஒன்றின் மீது நெகட்டிவை வைத்தால், அந்தக் கறுப்பின் வழியே எழுத்துகளைச் சற்று முயன்றாவது படிக்க முடிய வேண்டும். முடியாத அளவுக்கு அடைத்துக்கொண்டிருந்தால், நிழல் சரியாக இருந்தும் கழுவிய நேரம் மிகுதி என்று பொருள். அடுத்த சுருளில் நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். எல்லாமே சாம்பலாகத் தட்டையாக இருந்தால் அதே அளவு கூட்டுங்கள். நிழலின் விவரத்தைப் படமெடுக்கும்போது கொடுத்த ஒளி தீர்மானிக்கிறது. ஒளிமிக்க பகுதியின் அடர்த்தியைக் கழுவும் நேரம் பெரிதும் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் தனித்தனியே கண்ணால் பிரித்தறிய முடிந்த நாளில், கேமராவும் டேங்கும் ஒரே கருவியின் இரண்டு கைப்பிடிகளாக உங்களுக்குப் பழகிவிடும். லேபில் கொடுத்து வாங்குகிறவருக்கு இந்த இரண்டாவது கைப்பிடி கிடைப்பதே இல்லை.

மற்றக் குறைகளும் தம் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். பிறை வடிவக் கறுப்புத் தழும்பு, ரீலில் ஏற்றும்போது ஃபிலிம் மடிந்ததைச் சொல்கிறது. சிறு வட்டமான வெளிர் புள்ளிகள், ஒட்டிய காற்றுக் குமிழிகள். பால்போன்ற படலம், ஃபிக்சர் போதாததன் அடையாளம். இதை மட்டும் புதிய ஃபிக்சரில் மீண்டும் போட்டுச் சரிசெய்துவிடலாம். ஒரே இடத்தில் சுருளின் நீளம் முழுவதும் ஓடும் மெல்லிய கீறல், கேமராவிலோ சுருள் உறையின் வாயிலோ மணல் துகள் இருப்பதைக் காட்டும்.

அதற்குப் பிறகு

நெகட்டிவிலிருந்து படத்தைப் பெற, மேக்ரோ லென்ஸ் பொருத்திய டிஜிட்டல் கேமராவும் சீரான ஒளிப்பலகையும் இருந்தால் வீட்டிலேயே நகலெடுக்கலாம். ஆனால் வாய்ப்புக் கிடைத்தால், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜர் உள்ள ஓர் இருட்டறையில் ஒருமுறையேனும் தாளில் அச்சிட்டுப் பாருங்கள். முதலில் ஒரு சுருளின் எல்லாப் படங்களையும் ஒரே தாளில் ஒரே அளவு ஒளியில் பதித்து, கான்டாக்ட் ஷீட் ஒன்று தயாரியுங்கள். எதையும் தானாகத் திருத்தாத அந்தத் தாளில், ஒளி குறைந்த படம் இருண்டும் மிகுந்த படம் வெளிறியும் உள்ளபடியே நிற்கும். பிறகு ஒரு படத்தைத் தேர்ந்து, தாளின் துண்டில் ஐந்தைந்து வினாடியாக ஒளியைக் கூட்டிச் சோதித்து, பொருத்தமான நேரத்தைக் கண்டு, முழுத் தாளில் அச்சிடலாம். சரியாகக் கழுவிய நெகட்டிவ் இங்கே எவ்வளவு எளிதாக இணங்குகிறது என்பதும், முன்னர் அளவாக ஒளி கொடுத்த ஒவ்வொரு முறையும் எதற்குப் பயன்பட்டது என்பதும் அச்சிடும்போதே முழுமையாக விளங்கும்.

பத்துச் சுருள் கடந்த பின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மாலை வெளிச்சத்துக்காக 400 ஃபிலிமை 1600ஆக எண்ணி எடுத்து, கூடுதல் நேரம் கழுவிப் பார்க்கலாம். நிழல்கள் இருண்டு, படத்தில் துகள்துகளாகத் தெரியும் மணித்தன்மை கூடி வரும், சில காட்சிகளுக்கு அது மிகவும் பொருந்தும். மஞ்சள் வடிகட்டி ஒன்றை லென்ஸில் பொருத்தினால் நீல வானம் சற்று இருண்டு மேகங்கள் எழுந்து நிற்கும். வண்ண நெகட்டிவுக்கு உரிய சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 வினாடி என்று கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதால், வெப்பநிலையைப் பிடித்துவைக்கும் கைப்பழக்கம் வந்த பிறகு அதற்குப் போவது நல்லது.

பயன்படுத்தித் தீர்ந்த ஃபிக்சரில் கரைந்த வெள்ளி இருக்கிறது. நீரில் வாழும் உயிர்களுக்கு அது நஞ்சாகும். அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், தனிக் கேனில் சேர்த்து, வெள்ளியைப் பிரித்தெடுக்கும் லேபிடமோ வேதிக்கழிவு பெறும் இடத்திலோ கொடுங்கள். நெகட்டிவ்களை ஆறு ஆறு படங்களாகக் கத்தரித்து, அமிலமற்ற தாளுறையிலோ பாலிஎத்திலீன் உறையிலோ இட்டு, குளிர்ந்த, ஈரம் குறைந்த இடத்தில் வையுங்கள். பிவிசி உறைகள் காலப்போக்கில் ஃபிலிமைக் கெடுக்கும். ஒவ்வோர் உறையின் மேலும் சுருளின் எண், எடுத்த தேதி, மானியில் அமைத்த ஐஎஸ்ஓ, டெவலப்பர், வெப்பநிலை, நேரம் ஆகியவற்றை எழுதி, குறிப்பேட்டிலும் அதே எண்ணைக் குறித்துவிடுங்கள்.